மார்கழியில் யாருக்கு நேரம் இருந்தது?

சென்னை இசைவிழா டிசம்பரில் நடப்பதற்கு மார்கழியின் புனிதத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம். வரலாற்றைப் பார்த்தால் காரணம் காங்கிரஸ் கட்சி. 1927 டிசம்பர் கடைசியில் இந்திய தேசிய காங்கிரஸின் மாநாடு சென்னையில் கூடியது. அதையொட்டி ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அங்கே எடுத்த முடிவின்படி 1928 ஆகஸ்டில் சங்கீத வித்வத் சபை, அதாவது மியூசிக் அகாடமி, தொடங்கியது. காங்கிரஸில் நிறைந்திருந்த வக்கீல்களுக்கு டிசம்பர் கடைசியில் கோர்ட் விடுமுறை. உத்தியோகஸ்தர்களுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை. அகாடமியின் ஆண்டு மாநாடும் கச்சேரிகளும் நாளடைவில் அந்த விடுமுறைக் காலத்திலேயே நிலைகொண்டன. மற்ற சபாக்களும் பின்னால் வந்தன. திருப்பாவையும் வீதி பஜனையும் ஏற்கெனவே மார்கழிக்கு இருந்ததால் பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டது.

ஆக, இது விடுமுறை உள்ளவர்களின் விழாவாகத் தொடங்கியது. 1927-இல் சம்பளத்தோடு விடுமுறை கிடைத்த பெண்கள் யார்? ஆசிரியைகள், செவிலியர், விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவர்கள். மற்ற பெண்களுக்கு, வீட்டு ஆண்கள் விடுமுறையில் இருக்கும் வாரம் என்றால் அடுப்பில் ஒரு பாத்திரம் கூடுதல்.

டிசம்பர் பிறந்ததும் சபாக்களின் நிகழ்ச்சிநிரலைத் திருக்கடையூரில் உட்கார்ந்து புரட்டும்போது எனக்கு இந்த விடுமுறைக் கணக்குதான் முதலில் நினைவுக்கு வரும். ஒரு வாரத்தில் எத்தனை கேட்க முடியும்? காலை எட்டு மணிக்கு அகாடமியில் ஆய்வுரை. பிறகு ஒரு காலைக் கச்சேரி. பகலில் இளையவர்கள். நாலு மணிக்கு ஒன்று. ஏழு மணிக்குப் பெரியவர்கள், அதுவும் மயிலாப்பூரில் ஒருவர், தியாகராய நகரில் ஒருவர், ஒரே நேரத்தில். பென்சிலால் வட்டம் போட்டு, கோடு இழுத்து, ஆட்டோவுக்கு அரைமணி என்று குறித்து ஓர் அட்டவணை தயாரிக்கலாம். நானும் தயாரித்திருக்கிறேன். அந்த அட்டவணையில் சமைப்பதற்கும் துவைப்பதற்கும் மாமியாருக்கு மாத்திரை கொடுப்பதற்கும் கட்டம் இல்லை என்பதைக் கடைசியில்தான் கவனிப்போம்.

எங்கள் பக்கத்தில் கலைக்கான நாள்களை முடிவு செய்தது நெல். மார்கழியில் சம்பா கதிர் பிடித்து நிற்கும். தாளடி வயலில் களை இருக்கும். கார்த்திகை மழையில் மூழ்கிப் பிழைத்த பயிரைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் தை அறுவடைக்குக் காத்திருப்பார்கள். கூலிப் பெண்கள் கையில் காசு புழங்காத மாதம் அது. பெரிய திருவிழாக்கள் பங்குனியிலும் சித்திரையிலும் வைகாசியிலும் வரும். அறுவடை முடிந்து, ஆற்றில் தண்ணீர் இல்லாமல், வயல் வெடித்துக் கிடக்கும் மாதங்கள். 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு ஜூன் 12 தண்ணீர் திறக்கும் நாளாகப் பழகியது. அதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில்தான் ஊர் கேட்டது, பார்த்தது, விழித்திருந்தது. திருக்கடையூரில் சித்திரைப் பெருவிழாவில் காலசம்ஹாரம் நடக்கும். மார்க்கண்டேயனுக்காகக் காலனை உதைத்த ஊர் அல்லவா! சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் மல்லாரியில் தொடங்கி, வீதி முனைகளில் நின்று ராகத்தை விரிப்பார். பக்கத்தில் செம்பொன்னார்கோயில் இருக்கிறது. அந்த ஊர் நாகஸ்வரத்தின் பேரைத் தமிழ்நாடு அறியும். பெண்கள் அரங்கத்துக்குப் போகவேண்டியதில்லை, இசை வாசலுக்கு வந்தது. திண்ணையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார்கள்.

எந்தத் திண்ணை என்பதையும் சொல்லவேண்டும். தேர் ஓடும் நான்கு வீதிகளில் வீடு இருந்தவர்களின் திண்ணை அது. களை பறித்த பெண்கள் குடியிருந்த சேரிக்குள் சுவாமி போனதில்லை. அவர்கள் கேட்டது காற்றில் வந்த அளவுக்குத்தான். பழைய ஊர்த் திருவிழாவை எல்லோருக்கும் பொதுவான கலைவெளி என்று எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது.

அந்தப் புறப்பாட்டுக்கு முன்னால் ஆடியவர்கள் பெண்கள். நெல்லுக்கும் அவர்களுக்கும் இருந்த தொடர்பு கல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை, அவர்கள் வந்த ஊர்க் கோயில்களோடு, வீட்டு வரிசைப்படி பட்டியலிடுகிறது. ஒருத்திக்கு ஒரு வீடு, ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய 400 பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைப்பது அபூர்வம். அவர்கள் விரும்பி வந்தார்களா என்பதைக் கல்வெட்டு சொல்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1927 என்ற ஆண்டுக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. இசை மாநாடு நடந்த அதே ஆண்டில், அதே நகரத்தில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தைச் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றினார். அவருடைய தாய் சந்திரம்மாள் அந்தச் சமூகத்தில் பிறந்தவர். ஆகவே அவர் பேசியது வெளியிலிருந்து வந்த இரக்கம் அல்ல. ஒரு பக்கம் இசையைக் காப்பாற்ற ஒரு சபை. மறுபக்கம் அந்த இசையையும் ஆட்டத்தையும் சுமந்துவந்த பெண்களை அந்த வாழ்க்கையிலிருந்து மீட்க ஒரு சட்டம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே வளர்ந்தன.

1931 மார்ச் 15 அன்று, அகாடமியின் செயலாளர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயரின் முயற்சியால், திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்கள் ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் அகாடமியில் சதிர் ஆடினார்கள். திருவாளப்புத்தூர் எங்கள் மாவட்டத்து ஊர். நட்டுவாங்கம் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வழி. கூட்டம் அதிகம் இல்லை. 1932 கடைசியில் முத்துலட்சுமி ரெட்டிக்கும் கிருஷ்ண ஐயருக்கும் பத்திரிகைகளில் சதிரைப் பற்றிய வாதம் சூடாக நடந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள், 1933 ஜனவரி 1 அன்று, அதே சகோதரிகள் மீண்டும் அகாடமியில் ஆடியபோது கூட்டம் நிறைந்தது. பார்வையாளர்களில் ருக்மிணி தேவியும் ஒருவர். 1935 டிசம்பரில், அடையாறு தியசாபிகல் சொசைட்டியின் வைரவிழாவில், அவரே மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. சதிருக்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்றதும் இந்த ஆண்டுகளில்தான்.

ஐந்தே ஆண்டுகள். ஒரு கலை எவ்வளவு வேகமாகக் கைமாறியது என்பதற்கு இந்தத் தேதிகளே போதும். ருக்மிணி தேவியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. ஒரு பிராமணப் பெண் மேடையில் ஆடுவது அன்று சின்ன விஷயம் அல்ல. ஆனால் திருவாளப்புத்தூர்ச் சகோதரிகள் அதன் பிறகு நம் நினைவில் எங்கே இருக்கிறார்கள்? விழாவின் வரலாற்றில் அவர்கள் இரண்டு தேதிகளாக நிற்கிறார்கள். கிருஷ்ண ஐயரின் துணிச்சலுக்குச் சான்றாகத்தான் அந்தத் தேதிகள் பெரும்பாலும் சொல்லப்படுகின்றன.

இதே மாயவரம் பகுதியில் இன்னொரு குரலும் இருந்தது. மூவலூர் இராமாமிர்தம், 1883-இல் பிறந்தவர், அந்த முறையின் உள்ளிருந்து வந்து அதை வேரோடு ஒழிக்கவேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். முதலில் காங்கிரஸில் இருந்தார், பிறகு சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். 1936-இல் அவருடைய நாவல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’ வெளிவந்தது. கலாக்ஷேத்ரா தொடங்கிய அதே ஆண்டு. கலையைக் காப்பாற்றுவோம் என்று சென்னையில் பேசியவர்களிடம் மூவலூரார் கேட்டிருக்கக்கூடிய கேள்வி எளிமையானது: அந்தக் கலைக்காகப் பொட்டுக்கட்டப்படுகிற சிறுமி உங்கள் வீட்டுச் சிறுமியா? இதற்குப் பதில் சொல்லாமல் தேவதாசி மரபைப் பற்றி ஏங்கி எழுத நமக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். 1947-இல் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிந்தது. கோயில் வேலை போனது. வேறு மேடையும் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. இதே ஆண்டுகளில் வானொலியும் ஒழுக்கச் சோதனை போட்டது. சர்தார் படேல் தகவல், ஒலிபரப்புத் துறைக்குப் பொறுப்பாக இருந்தபோது, தனிவாழ்க்கை அவதூறுக்கு உள்ளானவர்களுக்கு அகில இந்திய வானொலியில் இடம் இல்லை என்று உத்தரவு வந்தது. யாரை மனதில் வைத்து என்று விளக்கவேண்டியதில்லை. ஆண் வித்வான்களின் தனிவாழ்க்கையைத் துருவியிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்பது வேறு கதை.

விழாவுக்குள் நுழைந்த பெண்களுக்கும் நேரமும் இடமும் அளந்துதான் தரப்பட்டன. டெல்டாவிலேயே இதற்குப் பழைய உதாரணம் திருவையாறு. தியாகராஜரின் சமாதி கேட்பாரற்றுக் கிடந்தபோது, தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) தன் சொந்தப் பணத்தில் அங்கே கோயில் எழுப்பினார். 1925-இல் குடமுழுக்கு நடந்தது. கட்டியவர் அவர். பாடும் உரிமை அவருக்கு இல்லை. ஆராதனை நடத்திய பெரிய கட்சி, சின்ன கட்சி இரண்டுமே பெண்களைப் பாட விடவில்லை. அவர் மூன்றாவதாக ஒரு பெண்கள் கட்சி தொடங்கி, சன்னிதிக்குப் பின்புறத்தில் பெண்களைப் பாடவைத்தார். கட்சிகள் ஒன்றாகி, பெண்களும் சேர்ந்து பாடும் ஆராதனை அமைய 1940-களின் தொடக்கம் ஆயிற்று. இவர்தான் முத்துப்பழனி என்ற தஞ்சை அரசவைப் பெண் எழுதிய தெலுங்குக் காவியம் ‘ராதிகா சாந்த்வனமு’வை 1910-இல் முழுமையாகப் பதிப்பித்தவர். ஆபாசம் என்று அரசு அதைத் தடைசெய்தது. 1947-இல்தான் தடை நீங்கியது. இன்று ஆராதனையின்போது பஞ்சரத்தினம் பாடக் கூடும் கூட்டத்துக்கு எதிரே அவருடைய சிலை கைகூப்பி உட்கார்ந்திருக்கிறது. தொலைக்காட்சியில் பார்க்கும்போது அந்தச் சிலையைக் கேமரா எத்தனை விநாடி காட்டுகிறது என்று எண்ணுவது என் பழக்கம்.

சென்னையில் காஞ்சிபுரத்திலிருந்து வந்த டி.கே. பட்டம்மாள் 1930-களில் மேடையேறினார். ராகம் தானம் பல்லவி ஆண்களின் சொத்தாக இருந்த காலத்தில் அவர் அதைக் கச்சேரிகளில் பாடினார். கணக்கு வழக்கு உள்ள பகுதி பெண் மூளைக்கு எட்டாது என்ற எண்ணம் இருந்தது. பக்கவாத்தியக்காரர்களின் கதை இன்னும் வேடிக்கை. பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண்களுக்கு மிருதங்கம் வாசித்ததில்லை. பட்டம்மாளுக்குத்தான் அந்த வழக்கத்தைத் தளர்த்தினார். வாசிப்பவர் பெண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால் மயிலாடுதுறையில் பிறந்தவர், விக்கு விநாயகராமின் மாணவி. கடத்துக்குப் பெண் உட்கார்ந்தால் கூட உட்கார மறுத்த மிருதங்கக்காரர்களை அவர் தாண்டவேண்டியிருந்தது. பெண்கள் மட்டுமே வாசிக்கும் ‘ஸ்த்ரீ தாள் தரங்’ குழுவை அவர் அமைத்தார். நாகரத்தினம்மாளின் பெண்கள் கட்சிக்கும் இதற்கும் அறுபது எழுபது ஆண்டு இடைவெளி. இரண்டு பெண்களும் எடுத்த வழி ஏறக்குறைய ஒன்றே.

அகாடமி ‘சங்கீத கலாநிதி’ பட்டத்தை 1942-இல் ஏற்படுத்தியது. முதல் பெண் 1968-இல்: எம்.எஸ். சுப்புலட்சுமி. 1970-இல் பட்டம்மாள், 1973-இல் டி. பாலசரஸ்வதி, 1976-இல் டி. பிருந்தா, 1977-இல் எம்.எல். வசந்தகுமாரி. பாலசரஸ்வதியும் பிருந்தாவும் தஞ்சை அரண்மனைக் கலைஞர் பாப்பம்மாளின் வழிவந்த, வீணை தனம்மாளின் பேத்திகள். எம்.எஸ். என்பதில் உள்ள எஸ் அவருடைய தாய் ஷண்முகவடிவு. எம்.எல். என்பதில் உள்ள எல் தாய் லலிதாங்கி. தாயின் பெயரை முதலெழுத்தாக வைத்த மரபு, பட்டம் வாங்கும் மேடைவரை அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. விழா மலர்களில் இது யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. அது ஒரு முதலெழுத்து, அவ்வளவுதான்.

பாடியவர்களைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. கேட்ட பெண்களைப் பற்றித் தேடினால்தான் கிடைக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள்? 1926-இல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில்பாதை போட்டார்கள். திருக்கடையூரிலும் வண்டி நின்றது. மாயவரத்தில் மாறினால் சென்னை. பாதை இருந்தது என்பதற்காகப் பெண்கள் கச்சேரி கேட்கப் புறப்பட்டுவிட்டதாகக் கற்பனை செய்யவேண்டாம். பிரசவத்துக்குப் போனார்கள், சாவுக்குப் போனார்கள். 1980-களில் அந்த ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். பெண்களிடம் இசைவிழாவைக் கொண்டுவந்தது வானொலி. 1938-இல் சென்னை நிலையம், 1939-இல் திருச்சி நிலையம். சபா மேடைக் கச்சேரி அஞ்சலாகி வந்தபோது, வெண்கலப் பானையில் சோறு பொங்கும் நேரத்துக்கும் ராக ஆலாபனைக்கும் முதல்முறையாக ஒத்துப்போனது. வானொலிப் பெட்டி இருந்த வீடுகளில் மட்டும்.

இன்றைய விழாவில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் அரங்கத்தின் நேரக்கணக்கு பிடிபடும். பகல் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் அனுமதி இலவசம். அங்கே வயதான பெண்கள் அதிகம். தயிர்சாத டப்பாவும் ஒரு ஸ்வெட்டரும் கொண்டுவருவார்கள். நாலு மணியைத் தாண்டினால் அவர்களில் பலர் எழுந்துவிடுவார்கள். பேரன் பள்ளியிலிருந்து வந்துவிடுவான், மாலை டிபன் இருக்கிறது. ஏழு மணிக் கச்சேரிக்கு டிக்கெட் உண்டு. வரிசைகளில் ஆண்கள் கூடுதலாகத் தெரிவார்கள். மாலை அரங்குக்குத் தம்பதியாக வரும் பெண்களிடம் பேச்சுக்கொடுத்தேன். சமைத்து வைத்துவிட்டு வந்ததாகத்தான் அநேகமாக எல்லோரும் தொடங்கினார்கள். கேட்டது கச்சேரியைப் பற்றி. சபா கேன்டீன்களின் புகழ் வேறு. அறுசுவை நடராஜன் போன்ற பெயர்களுக்காகவே கூட்டம் வரும். சமையல் கலையாகக் கருதப்பட்டுப் பத்திரிகையில் விமர்சனம் எழுதப்படும் ஒரே இடம் அதுதான். சமைப்பவர்கள் ஆண்கள்.

நான் தங்கியது தங்கை வீட்டில், குரோம்பேட்டையில். “அக்கா வந்தா எனக்கும் லீவு மாதிரி” என்று அவள் சொன்னதன் பொருள், காலைச் சமையல் என் பொறுப்பு. எட்டு மணி ஆய்வுரைக்கு ஐந்தரைக்கு எழுந்தேன். அவள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணும் ஐந்தரைக்கு எழுந்துதான் ஏழுக்கு வருகிறாள். அவளுக்கு இசைவிழா என்றால் வீட்டுக்காரர்கள் இல்லாததால் சாவி எங்கே என்று தேடும் வாரம். ஏழு நாளில் பதினொரு கச்சேரியும் நான்கு ஆய்வுரையும் கேட்டேன். கூட வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், ஆண், இருபத்தாறு.

ஊருக்குத் திரும்பினால் இங்கேயும் நெரிசல் குறைவில்லை. ஆயுள்விருத்திக்குத் திருக்கடையூர் என்று ஆகிவிட்டதால், முகூர்த்த நாள்களில் பிராகாரம் முழுக்க அறுபதும் எழுபதும் எண்பதும். பத்தடிக்கு ஒரு தம்பதி, ஒரு தவில், ஒரு நாகஸ்வரம். ஒருவர் கெட்டிமேளம் இன்னொருவர் தோடியில் விழும். உக்ரரத சாந்தி, சஷ்டியப்தபூர்த்தி, பீமரத சாந்தி, சதாபிஷேகம் எல்லாவற்றிலும் எண்ணப்படும் வயது கணவனுடையது. மனைவிக்கு ஐம்பத்திரண்டோ ஐம்பத்தேழோ, யாரும் கேட்பதில்லை. தனக்கு எப்போது அறுபது ஆனது என்று அவளுக்கே நினைவிருக்காது. இந்தக் கோயில் பிராகாரத்தில் தினமும் வாசித்து வயிறு வளர்க்கும் கலைஞர்களின் பெயர் எந்தச் சபாவின் நிகழ்ச்சிநிரலிலும் இல்லை. சபா மேடைகளில் நாகஸ்வரத்துக்குப் பெரும்பாலும் தொடக்கநாள் மங்கள இசையோடு சரி.

2018 அக்டோபரில், பெண்கள் தங்கள் அனுபவங்களை வெளியில் சொல்லத் தொடங்கிய பிறகு, பாலியல் புகாருக்கு ஆளான ஏழு கலைஞர்களை அகாடமி அந்த டிசம்பர் நிகழ்ச்சிகளிலிருந்து நீக்கியது. தொண்ணூறு ஆண்டில் விழா அட்டவணையைப் பெண்களின் சொல் மாற்றியமைத்த பெரிய தருணம் அது. 2022-இல் விராலிமலை ஆர். முத்துக்கண்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விராலிமலை முருகன் கோயிலில் சிறுவயதில் பொட்டுக்கட்டப்பட்டுச் சதிர் ஆடியவர், அந்த மரபின் கடைசிக் கண்ணிகளில் ஒருவர். இசை வேளாளர் குடும்பத்திலிருந்து வந்த நிருத்யா பிள்ளை போன்ற நடனக் கலைஞர்கள், எங்கள் பாட்டிகளின் கலையை எங்களுக்கே ஏன் கற்றுத்தருகிறீர்கள் என்ற பொருளில் இன்று கேட்கிறார்கள். மூவலூராரும் திருவாளப்புத்தூர்ச் சகோதரிகளும் ஒரே பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவர்களைக் கேட்கவேண்டியிருக்கிறது.

2020 டிசம்பரில் கொரோனாவால் அரங்குகள் மூடப்பட்டன. அகாடமி உள்ளிட்ட சபாக்கள் கச்சேரிகளைப் பதிவுசெய்து இணையத்தில் வெளியிட்டன. எங்கள் தெருவில் மூன்று வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு டிக்கெட் வாங்கினோம். பெரிய திரை யார் வீட்டில் இருந்ததோ அங்கே, மதியம் மூன்று மணிக்கு, பாத்திரம் தேய்த்து முடித்த பிறகு. மாலைக் கச்சேரியை மதியம் போட்டுக் கேட்டோம். யாருக்காவது வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் பாட்டை நிறுத்திவைத்தோம். தோடியின் நடுவில் ஒருமுறை இருபது நிமிடம் நிறுத்திவைத்திருந்தோம். அடுத்த ஆண்டு அரங்குகள் திறந்தன. மீண்டும் ஏழு மணி.